பந்து உருளத் திடல் எங்கே?

“எந்நேரமும் கைப்பேசியும் கையுமா இருக்குதுங்க, வெளியிலே போய் ஆடுங்கடான்னா அசைய மாட்டேங்குதுங்க.” தோட்டத்தில் இன்னும் இருப்பவர்களானாலும் சரி, தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோனவர்களானாலும் சரி, பிள்ளைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் தாய்மார்கள் வாயிலிருந்து முதலில் வரும் புகார் இதுதான். கோவில் திருவிழாவில் நாலு பேர் கூடினாலும் இதே பேச்சு. கல்யாணப் பந்தியிலும் இதே பேச்சு.

புகாரில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், பாட்டாளிப் பெருமக்களே, சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். கைப்பேசி நம் வீட்டுக்குள் நுழைந்தது நேற்று. பிள்ளைகள் வெளியே ஆடுவது குறையத் தொடங்கியதோ, அதற்கு இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே. காலி வீட்டில் கடைசியாக வந்து உட்கார்ந்தவனைப் பிடித்து, “வீட்டைக் காலி பண்ணினவன் நீதான்” என்று அடிப்பது நியாயமாகுமா? அவனுக்கு முன்னால் அந்த வீட்டை விட்டுப் போனவை என்னென்ன என்று கணக்கெடுத்தால் அல்லவா உள்ளது விளங்கும்?

பால்மரம் விட்டுவைத்த சாயங்காலம்

முதலில் போனது நேரம். பிள்ளைகளின் நேரத்தைச் சொல்லவில்லை, பெற்றோரின் நேரத்தைச் சொல்கிறோம்.

மரம் வெட்டும் வேலையைப் பற்றி வெட்டியவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இருட்டோடு எழுந்து, பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடித்தாக வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அது மரத்தின் இயல்பு. பிறகு பாலெடுத்து, காண்டா வாளியில் தூக்கி, ஸ்டோரில் நிறுத்து, வீடு வந்து சேர மதியம் ஒரு மணி, இரண்டு மணி ஆகும். உடம்பை முறிக்கிற வேலைதான். அதைச் சர்க்கரை தடவிச் சொல்ல நாம் வரவில்லை. ஆனாலும் அந்த வேலை ஒன்றை மட்டும் நமக்கு மிச்சம் வைத்தது. அதுதான் சாயங்காலம்.

நாலு மணிக்கு லயத்தில் அப்பாவும் இருப்பார், அம்மாவும் இருப்பாள். அஞ்சடியில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் பாட்டி இருப்பாள். பைப்படியில் துணி துவைக்கிறவர்கள், வாசலில் உளியைத் தீட்டுகிறவர்கள், சைக்கிளுக்கு ஒட்டுப்போடுகிறவர்கள் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பெரிய ஆளின் கண் இருக்கும். யார் வீட்டுப் பிள்ளையானாலும் வாய்க்கால் பக்கம் ஓடினால், “டேய், அங்க எங்கடா போற?” என்று எங்கிருந்தோ ஒரு குரல் வரும். பிள்ளையை வெளியே அனுப்புகிற தாய்க்கு அந்தக் குரல்தான் தைரியம். தனியாக யாரும் காவல் இருந்ததில்லை. ஆனால் காவல் இல்லாத நேரமும் இருந்ததில்லை.

இன்றைக்கு அதே குடும்பத்தின் மகனும் மருமகளும் என்ன வேலை செய்கிறார்கள்? ஒருவர் தொழிற்சாலையில் காலை ஏழு முதல் இரவு ஏழு வரை ஷிப்ட்டு. இன்னொருவர் பாதுகாவலர் வேலை. அதுவும் பன்னிரண்டு மணி நேரம். தொழிற்சாலை பஸ் விடியுமுன் வந்து ஏற்றிக்கொண்டு போய், இருட்டிய பிறகு கொண்டுவந்து இறக்குகிறது. பள்ளிவிட்டு வரும் பிள்ளையிடம் அந்தத் தாய் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: “கதவைச் சாத்திக்க. நான் வர்ற வரைக்கும் யார் தட்டினாலும் திறக்காதே.” அவளைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. சொல்கிறவர்கள் அவள் இடத்தில் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும்.

ஆக, பிள்ளை ஆடப் போகாததற்குச் சோம்பேறித்தனம் காரணமல்ல. கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. தாழிட்ட கதவுக்கு உள்ளே பிள்ளைக்குத் துணையாக இருப்பது ஒரு கைப்பேசி.

கித்தாக்காடும் செம்பனைக்காடும்

அடுத்துப் போனது காடு. நம்மில் பலரும் இதைக் கவனிப்பதே இல்லை.

பால்மரக் காடு பிள்ளைகள் நுழையக்கூடிய காடு. நிரை நிரையாக மரம். நடுவே நடக்கத் தாராளமான வழி. மேலே வெளிச்சம் வடிந்து வரும் நிழல். கீழே காய்ந்த இலை மெத்தை. காய் முற்றும் காலத்தில் வெயில் ஏறினால் ‘படார் படார்’ என்று வெடித்து, ஒரு காய்க்கு மூன்று கொட்டையாகத் தெறிக்கும். அந்தக் கித்தாக் கொட்டையை வைத்து நம் பிள்ளைகள் ஆடாத ஆட்டமா? ஒன்றன்மேல் ஒன்றை வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடித்து, எது உடைகிறது என்று பந்தயம். சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி, பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து அலறவிடும் குறும்பு. துளை போட்டு நூல் கோத்துச் சுழல விடும் ராட்டினம். பல்லாங்குழிக்கும் அதே கொட்டைதான். மலாய்ப் பிள்ளைகள் அதைச் ‘சொங்காக்’ என்பார்கள். பந்து வாங்கக் காசில்லையா? வெட்டுப் பட்டையில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை நீளமாக உரித்துச் சுற்றிக்கொண்டே வந்தால் பந்து தயார். ஓங்கி அடித்தால் கூரைக்கு மேலே எகிறும்.

கிட்டிப்புள்ளை மலாய்ப் பிள்ளைகளும் நம்மோடு சேர்ந்து ‘கொண்டா கொண்டி’ என்று ஆடினார்கள். இந்நாட்டு மரபு விளையாட்டுகளின் பட்டியலில் அந்தப் பெயர் இன்றைக்கும் இருக்கிறது. தீப்பெட்டிக்குள் சண்டைச் சிலந்தி, போத்தலுக்குள் சண்டை மீன், பாக்கு மட்டையில் ஒருத்தியை உட்காரவைத்து இரண்டு பேர் இழுக்கும் வண்டி, சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டும் பந்தயம்… இதற்கெல்லாம் கடை வேண்டியதில்லை, காசு வேண்டியதில்லை. காடு கொடுத்தது.

பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்டார்கள். முதலாளிமாருக்கு விலை கட்டுப்படியானது, ஆளும் குறைவாகப் போதுமானது. அந்தக் கணக்கு நமக்குப் புரிகிறது. ஆனால் செம்பனைக் காட்டுக்குள் எந்தத் தாய் பிள்ளையை ஆட அனுப்புவாள்? மட்டையெல்லாம் முள். வெட்டிய மட்டையை நிரைக்கு நிரை குவித்துப் போட்டிருப்பார்கள். அதற்குள் எலி, எலியைத் தேடி நாகம். வளர்ந்த காட்டில் பட்டப்பகலிலும் மங்கல்தான். போதாததற்குக் களை மருந்து. பாராகுவாட் என்ற கொடிய மருந்துக்கு இந்நாட்டில் முழுத்தடை வந்ததே 2020ஆம் ஆண்டு ஜனவரியில்தான். அதுவரை எத்தனையோ தாய்மார்கள் அந்தத் தோம்பைத் தோளில் சுமந்தார்கள். மருந்தடித்த காட்டில் பிள்ளை உருண்டு புரளுவதை எந்தத் தாயும் விரும்பமாட்டாள்.

சில தோட்டங்களில் செம்பனை லயத்தின் கொல்லை வரைக்கும் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு எஞ்சியது லயத்தின் முன்னால் இருக்கும் செம்மண் சடக்கு மட்டுமே. அதிலும் குலை ஏற்றிய லாரி ஓடுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நாம் பொய் சொன்னவர்களாவோம். பழைய தோட்டத்து விளையாட்டை நினைத்து ஏங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களுடைய அக்கா தங்கைகளைக் கேட்டால் கதை வேறு மாதிரி வரும். பத்து வயதுப் பெண்பிள்ளைக்கு இடுப்பில் தம்பி, கையில் தண்ணீர் வாளி, அடுப்பில் உலை. பள்ளி இல்லாத நாளில் அம்மாவின் நிரையில் மங்கு துடைக்க வேண்டும், பாலெடுக்க வேண்டும். ரப்பர் வளையங்களைக் கோத்துக் கயிறாக்கித் தாண்டி விளையாடியதும், ஐந்து கல் ஆடியதும், நொண்டி அடித்ததும் அந்த வேலைகளுக்கு நடுவே திருடிய நேரத்தில்தான். வயதுக்கு வந்துவிட்டால் அதுவும் நின்றுபோகும். பையன்களிலும் எத்தனையோ பேர் வயிற்றில் பூச்சியோடும் காலில் செருப்பில்லாமலும் ஓடியவர்கள்தான். பாம்பு தீண்டிப் போன பிள்ளை உண்டு. குளத்தில் விழுந்து போன பிள்ளை உண்டு. அந்தக் காலம் அப்படியே திரும்ப வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. பெண்பிள்ளைக்கு இன்றைக்குக் கொஞ்சம் ஓய்வு நேரம் கிடைத்திருக்கிறது. அந்த நேரத்தைக் கழிக்க இடம் மட்டும் கிடைக்கவில்லை.

பள்ளிக்கூடத்து வேன்

பள்ளி நேரமும் சேர்ந்துகொண்டது. 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்றைக்கு 530க்கும் குறைவு. மூடப்பட்டவையும் ஒன்றாக இணைக்கப்பட்டவையும் பெரும்பாலும் தோட்டப் பள்ளிகளே. லயத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் பள்ளி என்றிருந்த நிலை மாறி, விடியற்காலை ஐந்தரைக்கு வேன் ஏறுகிற நிலை வந்தது. வளைந்து வளைந்து நாலு தோட்டம், மூணு தாமான் சுற்றி வீடு வந்து சேரும்போது பிள்ளை பாதி தூக்கத்தில் இருக்கிறது. பள்ளித் தோழனோ வேறு ஊர்க்காரன். ஆட வேண்டுமென்றால் ஆள் வேண்டாமா? தெருவில் இரண்டே பிள்ளைகள் இருந்தால் சடுகுடு ஆட முடியுமா?

அதோடு பரீட்சை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 1988இல் தொடங்கியது. ‘ஏழு ஏ’ எடுத்த பிள்ளைகளுக்குப் பத்திரிகையில் படம், கோவிலில் மாலை என்று ஆன பிறகு, ஆறாம் ஆண்டுப் பிள்ளை பந்தைத் தொட்டாலே வீட்டில் சண்டை. டியூஷனுக்குப் போகாத பிள்ளை கெட்ட பிள்ளை என்று ஆகிவிட்டது. அந்தத் தேர்வையே 2021இல் எடுத்துவிட்டார்கள். தேர்வு போனது, டியூஷன் போகவில்லை! படிப்பு வேண்டாம் என்று நாம் சொல்வோமா? உளி பிடித்த கையால் பேனா பிடிக்கவைத்த சமுதாயம் இது. ஆனால் இரவு ஒன்பது மணி வரைக்கும் எட்டு வயதுப் பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து என்ன சாதித்தோம் என்று ஒரு தடவையாவது கேட்டுப் பார்க்கலாம்.

திடலை யார் கணக்கில் எடுத்தார்கள்?

இப்போது தலைப்புக்கு வருவோம்.

ஐம்பதுகளின் இறுதியிலும் அறுபதுகளிலும் தோட்டத் துண்டாடல் நம் மக்களைத் தெருவில் நிறுத்தியபோது, துன் சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்க வழிகாட்டினார். அது ஒரு சுற்று. அடுத்த சுற்று எண்பது, தொண்ணூறுகளில் வந்தது. இந்தத் தடவை தோட்டத்தைத் துண்டாடவில்லை; பட்டணமாக்கினார்கள். இன்றைய புத்ராஜெயா 1995இல் எழும்பத் தொடங்கியது பிராங் பெசார் முதலிய தோட்டங்களின் மண்ணில். ‘பி.பி.’ என்ற எழுத்தில் தொடங்கும் ரப்பர் இனங்களை வெட்டியவர்கள் நம்மில் ஏராளம் உண்டு. அந்த இரண்டு எழுத்தும் அந்தத் தோட்டத்தின் பெயர்தான். அங்கிருந்த நம் குடும்பங்கள் டிங்கிலில் கட்டப்பட்ட அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். வேறு பல தோட்டங்களிலும் இதே கதைதான்.

வெளியேறும்போது என்னென்ன பேசினோம்? நஷ்டஈடு பேசினோம். வீடு கேட்டோம். மாரியம்மன் கோவிலுக்கு இடம் கேட்டோம். தமிழ்ப்பள்ளிக்கு நிலம் கேட்டோம். எல்லாம் நியாயமான கோரிக்கைகள். சிலவற்றை வருடக்கணக்கில் போராடித்தான் பெற்றார்கள். ஆனால் பந்து திடலைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் பந்து மோதியதும், சாக்கு ஓட்டமும் கயிறு இழுப்பும் நடந்ததும், தேர் வந்து நின்றதும், நாடகம் போட்டதும், நல்லது கெட்டதுக்குக் கூட்டம் கூடியதும் அந்த ஒரே திடலில்தான். அதற்குப் பத்திரமில்லை, வேலியில்லை, பெயர்கூட இல்லை. ‘திடல்’ என்றால் எல்லாருக்கும் தெரியும். பெயரில்லாத பொருளுக்கு யார் நஷ்டஈடு கொடுப்பார்கள்?

அடுக்குமாடிக்கு வந்து பாருங்கள். மக்கள் வீடமைப்புத் திட்ட வீடு என்றால் 700 சதுர அடி. பதினேழு பதினெட்டு மாடி. ஒரு கட்டடத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள். கீழே இருக்கிற இடத்தில் கார், மோட்டார், குப்பைத் தொட்டி. மிஞ்சிய மூலையில் ஓர் ஊஞ்சல். அதற்கும் சங்கிலி அறுந்து கிடக்கும். தாழ்வாரத்தில் பந்து உருட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அவரும் இரவு ஷிப்ட்டு முடித்துத் தூங்குகிறவர், பாவம். பன்னிரண்டாவது மாடியிலிருந்து ஒரு தாய் எட்டிப் பார்த்தால் தன் பிள்ளை எது என்றே தெரியாது. லயத்தில் குரல் போதும்; இங்கே குரல் எட்டாது. லிப்ட்டில் ஏறும் முகங்களில் பாதி அறியாத முகம். போதைப்பொருள் விற்கிறவன் எந்தப் படிக்கட்டில் நிற்பான் என்றும் அவளுக்குத் தெரியும். அவள் பயத்தை வீண் பயம் என்று சொல்லத் தயாராக இல்லை நாம்.

தொலைக்காட்சி இந்நாட்டுக்கு வந்தது 1963இல். வண்ணத்தில் வந்தது 1978இல். அப்போதெல்லாம் தோட்டத்தில் மின்சாரம் இயந்திரம் ஓடும் சில மணி நேரத்துக்குத்தான். பெட்டி இருந்த ஒரு வீட்டு வாசலில் தோட்டமே கூடி, படம் முடிந்ததும் கலைந்துவிடும். 1996இல் அஸ்ட்ரோ வந்து நாள் முழுக்கத் தமிழ் ஒலிபரப்பாயிற்று. அப்போதும் பிள்ளைகள் சாயங்காலம் கொஞ்சம் வெளியே வந்தார்கள். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, பள்ளிகள் மூடி, பாடமெல்லாம் கைப்பேசியில் என்று ஆனபோதுதான் கடைசிக் கதவும் சாத்தியது. கடன் வாங்கிக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தவர்கள் நாம். பாடம் முடிந்தது, கட்டுப்பாடும் நீங்கியது. கருவி மட்டும் கையிலேயே தங்கிவிட்டது.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்தி. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்களிடம்தான் அதிகம். ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகள் நாளுக்குச் சராசரி ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண் விஷயம் இன்னும் விசேஷம். தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே வெளிச்சத்தில் இருக்கவைக்கும் திட்டம் தொடங்கினார்கள். வருடா வருடம் ஏறிக்கொண்டே போன கிட்டப்பார்வைக் கோளாறு அதன்பின் இறங்கத் தொடங்கியது. மருந்தில்லை, மாத்திரையில்லை, பகல் வெளிச்சம்தான். கண்ணாடிக் கடைக்குக் கொடுக்கும் வெள்ளியை நினைத்தாவது இதை யோசிக்கலாம்.

என்ன செய்வது? கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டுவது இரண்டு நாளைக்கு நடக்கும். பூட்டிய பின் பிள்ளை போக ஓர் இடம் வேண்டும், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஆள் விஷயத்தில், அடுக்குமாடியில் வேலைக்குப் போகாத பாட்டிமாரும் ஓய்வு பெற்ற தாத்தாமாரும் நாம் நினைப்பதைவிட அதிகம். ஐந்து மணி முதல் ஏழு மணி வரை கீழே நாலு நாற்காலி போட்டு முறைவைத்து உட்கார்ந்தால், பழைய அஞ்சடி பாதியாவது திரும்பும். கட்டடச் சங்கம் மனது வைத்தால் கார் நிறுத்துமிடத்தில் ஒரு வரிசையை அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கயிறு கட்டி ஒதுக்கலாம். கார்க்காரர்கள் முதல் வாரம் கத்துவார்கள்.

இடம் விஷயம்தான் பெரிது. இன்னும் தோட்டத்தில் இருக்கிறவர்கள், விற்பனைப் பேச்சு அடிபடும் தோட்டங்களில் இருக்கிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். வீடமைப்புத் திட்டம் எழும்பும் நிலத்தில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது நகரமைப்புத் துறையின் வழிகாட்டி. அந்தப் பங்கைச் சரிவான மேட்டிலும் மழைநீர்க் குட்டையின் ஓரத்திலும் காட்டிக் கணக்கை முடித்துவிடப் பார்ப்பவர்கள் உண்டு. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டத்தின்படி ஒரு வட்டாரத்தின் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைத்தே ஆக வேண்டும். பார்த்து மறுப்புச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. அந்த வரைபடத்தில் நம் திடல் பச்சை நிறத்தில் இருக்கிறதா, வீட்டு நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு நிறத்தில் இருந்தால் குறித்த தேதிக்குள் எழுத்து மூலமாக மறுப்புக் கொடுங்கள். மலாயில் எழுத வராதவர்கள் பள்ளி ஆசிரியர்களையோ, படிவம் ஐந்து முடித்த பிள்ளைகளையோ உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு ஒரு கையெழுத்தும் அடையாள அட்டை எண்ணும் வாங்குங்கள். படம் ஒன்றும் சேர்த்து வையுங்கள். ஆனால் காலை நேரத்தில் வெறிச்சென்று கிடக்கும் திடலைப் படமெடுக்காதீர்கள். “பயன்படாத நிலம்” என்று எழுதிவிட அதுவே போதும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பிள்ளைகள் நிறைந்திருக்கும்போது எடுங்கள்.